படர்க்கையில் எழுதிய கடிதம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினேழு வருடம் தமிழ் இலக்கணம் படிப்பித்த சிவமலர், லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் ஓர் ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டு மண்டபத்தில் அகப்பை பிடித்தாள். டின்னர் லேடி என்று அந்த உத்தியோகத்துக்குப் பெயர். பெயரில் லேடி இருக்கிறதே என்று யாரும் ஏமாறத் தேவையில்லை. ஊரில் வினைமுற்றையும் எச்சத்தையும் பிரித்துக் காட்டிய கை, இங்கே பட்டாணியையும் மசித்த உருளைக்கிழங்கையும் பிரித்துப் போட்டது.

ஹலால் கறிக்குப் பச்சைப் பிடி வைத்த அகப்பை, மற்றதற்குக் கறுப்புப் பிடி. வேறு ஆட்கள் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். சிவமலர் எட்டு வருடத்தில் ஒரு நாளும் மாற்றிப் போட்டதில்லை. முஸ்லிம் பிள்ளைகள் தட்டை நீட்டும்போது அவள் பிடியின் நிறத்தை இன்னொரு தரம் பார்த்துக்கொள்வாள். வயது போகிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். தலையெழுத்து என்று அவள் அலுத்துக்கொண்டதும் கிடையாது. தனக்குக் கிடைத்த தண்டனை குறைவு என்பதுதான் அவளுடைய கணக்கு. என்ன குற்றத்துக்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

2003 செப்டெம்பரில், ஐம்பத்தோராவது வயதில், நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் கண்டாள். குர்ஆனை இலக்கியமாகப் படித்தல், அது தோன்றிய காலத்து அரேபியப் பின்னணியோடு. புதன்கிழமை மாலைகளில், ரஸல் ஸ்குயர் பக்கம் ஒரு கல்லூரியில். அரபு தெரிந்திருக்கத் தேவையில்லை. அவள் அதை நின்ற இடத்திலேயே மூன்று தரம் வாசித்தாள். பிறகு வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள்.

ஞானேஸ்வரன் தபால் பொதிகள் பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர். வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி பாவம்.

"என்னப்பா இது? மதம் மாறப் போறீரோ?"

"இல்லை. வாசிக்கப் போறன்."

"எங்கட புத்தகங்கள் எல்லாம் வாசிச்சு முடிஞ்சுதோ? வெஸ்ட் ஈலிங் அம்மனிட்ட வாரும் எண்டால் கால் நோகுது எண்டுறீர். அங்க போக மட்டும் கால் வருமோ?"

"ஹமர்ஸ்மித் லைனில ஏறினால் நேர யூஸ்ரன் ஸ்குயர். மாறத் தேவையில்லை."

"ஜெஸீமா ரீச்சரை நினைச்சுத்தானே போறீர்?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "பெடியள் அண்டைக்குச் செய்தது பிழைதான். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு மேல் அவர் ஒரு நாளும் போனதில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்த 'ஆனா'வில்தான் குடியிருந்தார்கள். சிவமலர் மட்டும் என்ன, அவளும் அங்கேதான் இருந்தாள்.

ஜெஸீமா யாழ்ப்பாணத்தில் அதே பள்ளிக்கூடத்தில் இஸ்லாமும் அரபும் படிப்பித்தவள். ஆசிரியர் அறையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. சிவமலர் செய்யுளில் எதுகை கண்டுவிட்டால் சும்மா இருக்க மாட்டாள், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டியே தீருவாள்.

"எதுகை எதுகை எண்டு துள்ளுறீர்," என்பாள் ஜெஸீமா. "எங்கட குர்ஆனில கடைசிப் பக்கத்துச் சின்ன அத்தியாயங்களை ஒருக்கா ஓதிக் காட்டினன் எண்டால் வெண்கட்டியை வைச்சிட்டுப் போயிடுவீர்."

"அப்ப காட்டுமன்."

"வாற தவணை. ஆற அமர இருந்து ஒவ்வொரு சொல்லாப் படிப்பிக்கிறன்."

வாற தவணை, வாற தவணை என்று பல தவணைகள் போயின. 1990 ஒக்டோபர் கடைசியில் ஒரு நாள் காலை, அப்போது ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கத்துப் பெடியள் ஒலிபெருக்கியோடு வந்து, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். போகிற வழியில் மறித்து நகையையும் பணத்தையும் பறித்தார்கள். சந்தைக்குப் போன சிவமலர் சைக்கிளைப் பிடித்தபடி முச்சந்தியில் நின்றாள். தெரு நீளத்துக்கு ஆட்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஜெஸீமா வந்துகொண்டிருந்தாள், ஒரு கையில் துணிப்பை, மறு கையில் ஆறு வயது மகள். சந்தியில் துவக்கோடு இரண்டு பேர். அதில் ஒருவன் சிவமலரிடம் படித்த பிள்ளையின் தம்பி.

ஜெஸீமா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் உயிர் போயிருக்காது. பேச்சு விழுந்திருக்கும். விசாரணை என்று ஒரு நாள் இருத்தி வைத்திருப்பார்கள். அவ்வளவுதான். சிவமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குனிந்து, கழலாத சைக்கிள் சங்கிலியை மாட்டத் தொடங்கினாள். வரிசை போய் முடியும்வரை மாட்டிக்கொண்டேயிருந்தாள். நிமிர்ந்தபோது தெருவில் ஒருவரும் இல்லை, கை இரண்டும் எண்ணெய்க் கறுப்பாக இருந்தன.

இதை அவள் ஞானேஸ்வரனுக்குக்கூடச் சொன்னதில்லை. ஜெஸீமாவுக்குச் சொல்ல வேண்டும், சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். பதின்மூன்று வருடமாக அவளுக்கு இருந்த ஒரே வேலை அதுதான். மற்றதெல்லாம் அகப்பை வேலை.

வகுப்பில் பதினொரு பேர். ஹனான் என்ற ஈராக்கியப் பெண்மணி படிப்பித்தார். அந்த வருடம் அவருடைய ஊர் பற்றி எரிந்துகொண்டிருந்தது; அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசாமல் ஏழாம் நூற்றாண்டு மக்காவைப் பற்றியே பேசினார். வணிகக் கூட்டங்கள், கிணறுகள், குலப்பகை, தகப்பன் இல்லாத பிள்ளைகளின் பாடு. சில வசனங்களை ஓதிக் காட்டினார். வசனத்தின் கடைசியில் ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்து விழுந்தபோது சிவமலர் பேனாவைக் கீழே வைத்தாள். ஜெஸீமா பொய் சொல்லவில்லை. வெண்கட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கத்தான் வேண்டும்.

ஒரு புதன்கிழமை ஹனான் சொன்னார்: "அங்கே பொலிஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை. குலத்தின் காவல் இல்லாதவனை அடித்துப் போட்டால் கேட்க ஆளில்லை. ஆனால் யாராவது ஒருவர் பொது இடத்தில் எழுந்து நின்று, இவர் என் அடைக்கலத்தில் இருக்கிறார் என்று வாயால் சொன்னால் போதும். அதற்கு ஜிவார் என்று பெயர். அயலார் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வருவதுதான்." சிவமலர் குறிப்பெடுத்தாள். வாயால் சொன்னால் போதும் என்று எழுதி, அதன் கீழ் கோடு போட்டாள். அன்று திரும்பி வரும்போது ஸ்ரேஷனைத் தவறவிட்டுப் பார்க்கிங்கில் போய் இறங்கினாள்.

ஜனவரியில் இல்திஃபாத் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இடம் மாறுவது; சொல்லுக்கு நேர்ப்பொருள் திரும்புதல். அவர் என்று சொல்லிக்கொண்டு வந்து சட்டென்று நீர் என்பது. குர்ஆனின் நடைக்கே அது ஓர் அடையாளம் என்றார் ஹனான். எடுத்துக்காட்டுக்கு ஓர் அத்தியாயத்தைக் கொண்டுவந்திருந்தார். ஊர்ப் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், பார்வையில்லாத ஏழை ஒருவர் அறிவு கேட்டு வருகிறார். வந்தவரைக் கண்டு முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டதற்காகக் கண்டனம் வருகிறது. கண்டிக்கப்படுவது நபியவர்களே என்பது பெரும்பாலான உரையாசிரியர்களின் முடிவு. ஆனால் கண்டனம் 'நீர்' என்று தொடங்கவில்லை. இரண்டு வசனங்களுக்கு 'அவர்'. மூன்றாவதில் 'நீர்'.

சிவமலர் கையை உயர்த்தினாள். வகுப்பில் அவள் வாய் திறந்தது அன்றுதான்.

"எங்கள் இலக்கணத்தில் இதற்கு இடவழுவமைதி என்று பெயர்," என்றாள், ஆங்கிலத்தைத் தட்டித் தடவி. "தன்மையில் சொல்ல வேண்டியதைப் படர்க்கையில் சொல்வது வழு, அதாவது பிழை. ஆனால் காரணம் இருந்தால் அந்தப் பிழையைப் பொறுக்கலாம். ஒரு தாய் தன்னைப் பற்றியே, 'இந்தப் பிள்ளையின் தாய் இப்படிச் செய்வாளா' என்று கேட்கலாம். அவள் சொல்வது தன்னைத்தான்."

ஹனானுக்கு முகம் மலர்ந்தது. இல்திஃபாத் என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார்.

"முகத்தைத் திருப்புதல்," என்ற சிவமலர் கொஞ்சம் தயங்கினாள். "ஆனால் தமிழில் அப்படிச் சொன்னால் ஒருவரை வேண்டாம் என்று திரும்பிக்கொள்வது என்றுதான் பொருள்."

"அரபில் ஒருவரை நோக்கித் திரும்புவது," என்றார் ஹனான். பிறகு, ஏன் அந்தக் கண்டனம் 'அவர்' என்று தொடங்குகிறது என்பதற்கு வந்தார். நேருக்கு நேர் நீர் சுளித்தீர் என்று சொன்னால் மனம் தாங்காது என்பதற்காக, அன்பினால் முதலில் படர்க்கையில் சொல்லப்பட்டது என்று உரையாசிரியர்கள் சிலர் எழுதியிருக்கிறார்களாம். சிவமலர் இந்த ஒரு விளக்கத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கட்டுரைக்கும் அதையே தலைப்பாக எடுத்தாள்.

அதே மாதம் ஹரோவிலிருந்து இம்மாகுலேற் தொலைபேசி எடுத்தாள். அவளும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். போர்நிறுத்தம் வந்து பாதை திறந்திருந்ததால் டிசம்பரில் நத்தார் லீவுக்கு இலங்கை போய்வந்திருந்தாள்.

"மலர், ஜெஸீமாவைக் கண்டனான். புத்தளத்தில, அகதி முகாம் பக்கம் ஒரு சின்ன வீட்டில இருக்கிறா."

சிவமலர் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். "எப்பிடி இருக்கிறா?"

"ஏலாது மலர். சிறுநீரகம் ரெண்டும் போச்சு. கனகாலம் இருக்கமாட்டா. மகள்தான் பாக்கிறாள். உம்மைத்தான் திருப்பித் திருப்பி விசாரிச்சவ. மலருக்கு என்னில கோபமோ எண்டு கேட்டவ."

"அவவிலயோ? எனக்கோ கோபம்?"

"அப்பிடித்தான் கேட்டவ. விலாசமும் நம்பரும் தாறன், எழுதும்."

ஜெஸீமா குத்திக் காட்டுகிறாள் என்று சிவமலர் நினைத்தாள். நல்ல மனிதர்கள் குத்துவதும் அப்படித்தான், பூவால் குத்துவார்கள். தொலைபேசி எடுக்கலாம். எடுத்தால் 'நான்' என்று பேச வேண்டும். அதனால் எழுத உட்கார்ந்தாள்.

நான் உம்மைக் கண்டும் காணாதவள் போல, என்று தொடங்கினாள். கிழித்தாள். ஜெஸீமா, நான் அன்றைக்கு, என்று தொடங்கினாள். அதையும் கிழித்தாள். பதினேழு வருடம் தன்மை ஒருமை விகுதியை வகுப்பு வகுப்பாகப் படிப்பித்தவளுக்குத் தன் விஷயத்தில் ஒரு 'ஏன்' விகுதி கைக்கு வரவில்லை. மூன்றாவது தாளில் படர்க்கைக்குப் போனாள். கை தானாக ஓடியது.

'அன்று காலை முச்சந்தியில் ஒருத்தி மற்றவளைக் கண்டாள். கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சந்தியில் துவக்கோடு நின்றவர்களை எண்ணிப் பயந்தாள். பழகிய பழக்கம் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போனது? பதின்மூன்று வருடமாகியும் அது ஆறவில்லை. ஜெஸீமா, அவளுக்கு மன்னிப்பு உண்டா?'

வாசித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது. கெட்டது அங்கேதான். நன்றாக வந்திருக்கிறது என்று திருப்திப்பட்டவள், இது யார் கதை என்று அறியாத ஒருவர் வாசித்தால் எப்படி வாசிப்பார் என்று பார்க்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டாள்.

புதன்கிழமை கட்டுரை திரும்பி வந்தது. நல்ல புள்ளி. கடைசிப் பக்கத்தில் ஹனான் பென்சிலால் எழுதியிருந்தார்: 'படர்க்கை ஏன் அன்பாக இருக்கலாம் என்று அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அந்த அத்தியாயம் படர்க்கையில் நின்றுவிடவில்லை. மூன்றாம் வசனத்திலேயே திரும்பிவிட்டது. திரும்பாவிட்டால் அது யாரைச் சொல்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?'

ரயிலில் அதை வாசித்ததும் சிவமலருக்குத் தபாலில் போட்ட கடிதம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கே தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஜெஸீமாவுக்குத் தெரியாதா, தங்கள் இருவரில் யார் முகம் திருப்பியது என்று அவளுக்குத் தெரியாதா என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தினாள். பதில் வரட்டும், பிறகு எல்லாம் விரிவாக எழுதலாம் என்று விட்டுவிட்டாள். வாற தவணை என்றது ஒரு காலத்தில் ஜெஸீமா, இப்போது இவள்.

பதில் வர மூன்றரைக் கிழமை எடுத்தது. சனிக்கிழமை காலை, ஞானேஸ்வரன் வேலைக்குப் போன பிறகு வந்தது. கையெழுத்து மகள் பர்ஸானாவுடையது. சொற்கள் ஜெஸீமாவுடையவை, ஒவ்வொன்றிலும் அவள் குரல் கேட்டது.

'மலர், உமது கடிதம் கிடைத்தது. நீர் எழுதியது உண்மை. அன்றைக்கு நான் உம்மைத் தூரத்திலேயே கண்டேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றீர். நான் ஒரு குரல் கொடுத்தால் நீர் ஓடி வருவீர், உம்மை எனக்குத் தெரியாதா? வந்தால் அவங்கள் உம்மை விடமாட்டாங்கள் என்று பயந்து நான் முகத்தைத் திருப்பிவிட்டேன். சந்தியைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது நீர் குனிந்து நின்றீர். அழுகிறீர் என்று விளங்கியது. என் சிநேகிதியை நடுத்தெருவில் அழவிட்டுவிட்டு ஒரு சொல் சொல்லாமல் வந்தேனே என்று நான் நினைக்காத நாள் இல்லை. உமக்கு அது ஆறாமல் இருப்பது நியாயம். என்னைப் பொருந்திக்கொள்ளும்.'

தாளின் பின்பக்கத்தில் பர்ஸானா தன் பங்குக்கு இரண்டு வரி எழுதியிருந்தாள். உம்மா இதைச் சொல்லி எழுதுவித்து நாலாம் நாள் மௌத்தாகிவிட்டா, ரீச்சர். நீங்கள் ஒருக்கா போன் எடுங்கோ.

சிவமலர் சமையலறைத் தரையில் இருந்துவிட்டாள். அழுகை வரவில்லை. சங்கிலி மாட்டிய கையைப் பார்த்தாள். இறந்தவள் அழுகை என்று நினைத்தது அந்தக் கையின் பாசாங்கைத்தான். துரத்தப்பட்டவள், பறிகொடுத்தவள், பதின்மூன்று வருடம் முகாமில் கிடந்து நோயில் செத்தவள், குனிந்து ஒளிந்தவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கேட்கவைத்தது ஒரு கடிதம். தன்னைப் படர்க்கையில் சொல்ல இலக்கணத்தில் அனுமதி உண்டு என்று வகுப்பில் கையை உயர்த்திச் சொன்னவளும் இவள்தான்.

பத்து மணியளவில் தொலைபேசி அட்டையை எடுத்து எண்களை அழுத்தினாள். அங்கே பின்னேரம். பர்ஸானா எடுத்தாள். இப்போது பத்தொன்பது வயதுக் குரல்.

"ரீச்சரா? உம்மா கடைசி மட்டும் உங்களைத்தான் சொல்லிட்டு இருந்தா."

"பிள்ளை," என்றாள் சிவமலர். "அந்தக் கடிதத்தில வாற ஆள்... அந்த அவள் எண்டு நான் எழுதினது..."

"தெரியும் ரீச்சர். நான்தான் ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினன். உம்மா அழுதா. 'எனக்கு நேர ஏசினால் மனம் நோகும் எண்டு, மலர் அவள் எண்டு எழுதியிருக்கிறா பார், எவ்வளவு நல்லவ' எண்டு சொன்னா."

ஹனான் சொன்ன அந்த உரையாசிரியர்கள் வாசித்தது போலவே ஜெஸீமாவும் வாசித்திருந்தாள். இல்லாத அன்பை அந்தப் படர்க்கைக்குள் கண்டுபிடித்திருந்தாள்.

"ரீச்சர், ஜனாஸா எடுக்கிற நேரம் எல்லாரிட்டயும் பொருத்தம் கேட்டம்." இறந்தவர் மேல் யாருக்கும் மனத்தாங்கல் இருந்தால் அதை விட்டு மன்னிக்கும்படி கேட்பது அவர்கள் வழக்கம். "உங்களிட்ட மட்டும்தான் கேக்கல்ல. நீங்க உம்மாவைப் பொருந்திக்கிட்டீங்க எண்டு ஒரு சொல் சொல்லுங்க. எங்களுக்கு அது போதும்."

ஒரு சொல். வாயால் சொன்னால் போதும். இப்போது உண்மையைச் சொன்னால் ஜெஸீமா கடைசி நாட்களில் அழுத அழுகை வீண் என்று ஆகும், அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கொடுமை இல்லை என்று சிவமலர் நினைத்தாள். இரக்கம்தானா அது? இல்லை. பயம். முச்சந்தியில் வந்த அதே பயம், லண்டனுக்கும் கூடவே வந்திருந்தது.

"பொருந்திட்டன்," என்றாள்.

அந்தக் காலையைப் பற்றி அவள் வாயிலிருந்து முதல் தடவையாக ஒரு தன்மை வினைமுற்று வந்தது. அதுவும் பொய்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் பர்ஸானா. அவள் அழுவது கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது. அட்டையில் இன்னும் நாற்பது நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. சிவமலர் திரும்ப எடுக்கவில்லை.